டிம்முலதான் சார் வரேன்!

பழைய கார் பார்க்கப் போகும்போது தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவது நம் ஊர் வழக்கம். அவர் பானெட்டைத் திறப்பார், ஆயில் மூடியைக் கழற்றிப் புகை வருகிறதா என்று பார்ப்பார், டிக்கிக்குள் பாயைத் தூக்கித் துரு தேடுவார், கதவு ஓரத்து பெயின்ட்டை நகத்தால் சுரண்டுவார். ஹெட்லைட் முறை வந்ததும் சுவிட்சைப் போடச் சொல்வார். இரண்டும் எரிகிறதா, பிரைட், டிம் மாறுகிறதா, சரி, அடுத்து ஏசி. காலை பதினோரு மணி வெயிலில் அதற்கு மேல் பார்க்கவும் வழியில்லை. ராத்திரியில் யாரும் கார் வாங்கப் போவதில்லை.

நான் வாங்கியது 2013 மாடல் ஸ்விஃப்ட். எஞ்சின் நன்றாக இருந்தது, டயர் பாதி ஆயுளில் இருந்தது. விற்றவருக்கு எல்லாவற்றையும்விட அதிகப் பெருமை விளக்கில்தான். “லைட்டுக்கு மட்டுமே ஆறாயிரம் செலவு பண்ணிருக்கேன் சார். எல்இடி. ராத்திரி பகல் மாதிரி இருக்கும்” என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. காருக்கு முன்னால் ஒரு இருபதடி தூரத்துக்குப் பகல்தான்.

ஜிஎஸ்டி ரோட்டில் ஓட்டும்வரை எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நடுவில் அகலமான மீடியன், அதில் அரளிச் செடி. நான்குவழிச் சாலைகளில் அரளியை அடர்த்தியாக வளர்ப்பதற்கு ஒரு காரணமே எதிர் வெளிச்சத்தை மறைப்பதுதான். திண்டிவனத்தில் பிரிந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை போகும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. எதிரே வந்த வண்டியெல்லாம் எனக்கு லைட் அடித்தது. டேஷ்போர்டைப் பார்த்தேன், பிரைட்டுக்கான நீல விளக்கு எரியவில்லை. டிம்மில்தான் போய்க்கொண்டிருக்கிறேன். ஆனாலும் அடிக்கிறார்கள். ஒரு லாரிக்காரர் இரண்டு முறை அடித்துப் பார்த்துவிட்டு, இவனுக்கெல்லாம் சொன்னால் புரியாது என்று தன் பிரைட்டைப் போட்டு அப்படியே வைத்துக்கொண்டார். நான் டிம்மில்தான் வருகிறேன் என்று அவருக்கு எப்படிச் சொல்வது? ஒரே வழி, நானும் ஒருமுறை பிரைட்டைப் போட்டுக் காட்டுவது. அப்போதுதான் இதுவரை எரிந்தது டிம் என்று அவருக்குத் தெரியும். நம் இருவழிச் சாலைகளில் ராத்திரி நடக்கும் பாதிச் சண்டை இந்த ரகம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டு பக்கமும் டிம்மில்தான் இருக்கிறார்கள், இரண்டு பக்கமும் மற்றவனைத் திட்டுகிறார்கள்.

வண்டியில் மற்ற கோளாறுகள் ஓட்டுகிறவனுக்குத்தான் முதலில் தெரியும். பிரேக் கிறீச்சிட்டால் அவன் காதில் விழும், புகை விட்டால் கண்ணாடியில் தெரியும். விளக்கு மட்டும் விதிவிலக்கு. அது எவ்வளவு கெட்டுப்போகிறதோ, அவ்வளவு நன்றாக எரிவதாக உள்ளே இருப்பவனுக்குத் தோன்றும். அதனால்தான் விற்றவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. அவர் உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் ஓட்டியிருப்பார்.

கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம், கஷ்டமான கணக்கு இல்லை. டிம் விளக்கு நேராக அடிக்கக்கூடாது, சற்றுக் குனிந்து அடிக்க வேண்டும். பெரும்பாலான கார்களுக்கு அந்தக் குனிவு 1 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அதாவது பத்து மீட்டர் போனால் பத்து சென்டிமீட்டர் இறங்க வேண்டும். தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் உயரத்தில் விளக்கு இருந்தால் வெளிச்சத்தின் மேல்விளிம்பு 70 மீட்டர் தள்ளித் தரையைத் தொடும். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் நல்ல ரோட்டில், நல்ல பிரேக்கில் ஏறக்குறைய 60 மீட்டரில் நின்றுவிடும் என்பதால் இது கணக்குக்கு ஒத்து வருகிறது. இப்போது அதே விளக்கு 1 சதவீதம் குனிவதற்குப் பதிலாக 1 சதவீதம் நிமிர்ந்து அடிக்கும்படி தூக்கிப் பாருங்கள். ஐம்பது மீட்டர் தள்ளி மேல்விளிம்பு 120 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். எதிரே வரும் சின்னக் காரின் டிரைவருக்குக் கண் இருக்கும் உயரம் கிட்டத்தட்ட அதுதான். இரண்டு நிலைக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் கோணத்தில் ஒரு டிகிரி சொச்சம். கையால் தொட்டுப் பார்த்தால் விளக்கு ஆடியதே தெரியாது.

அந்த ஒரு டிகிரியை மாற்றிவிட எத்தனையோ காரணம் போதும். பின்பக்க ஸ்பிரிங் தளர்ந்து வால் இறங்கினால் மூக்கு தூக்கும். டிக்கியில் கேஸ் சிலிண்டர் ஏற்றிய பழைய வண்டிகள் நாள் முழுக்க வானத்தைப் பார்த்துத்தான் ஓடுகின்றன. முன்பக்கம் லேசாக இடித்து பம்பர் மாற்றிய வண்டியென்றால் கேட்கவே வேண்டாம்.

எங்கள் பகுதியில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் இருக்கிறார். அண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். “ஃபோகஸ் செட் பண்ணணும்ணே” என்றேன். பல்பைக் கழற்றி வெளியே எடுத்தவர், “முதல்ல இந்தக் கருமத்தைத் தூக்கிப் போடுவோம் தம்பி, அப்புறம் ஃபோகஸ்” என்றார்.

அந்தக் காருக்குக் கம்பெனியில் போடுவது எச்4 பல்பு, 60/55 வாட். ஒரே கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு இழை இருக்கும். பின்னால் இருப்பது பிரைட்டுக்கு, முன்னால் இருப்பது டிம்முக்கு. டிம் இழையின் அடியில் குட்டிக் கரண்டி போல ஒரு உலோகத் தடுப்பு இருக்கும். இழையின் வெளிச்சம் கீழ்ப்பக்கம் போகாமல் அது மறைத்துவிடும். அதனால் ரிஃப்ளெக்டரின் மேல்பாதியில் மட்டுமே வெளிச்சம் படும், மேல்பாதி அதை ரோட்டுக்கு இறக்கும். கீழ்ப்பாதியில் வெளிச்சம் பட்டால் அது மேலே ஏற்றிவிடும், நேராக எதிராளியின் கண்ணுக்கு. மொத்த சூட்சுமமும் அந்தச் சின்னத் தகரத்தில்தான் இருக்கிறது. ரிஃப்ளெக்டரின் அடியிலிருந்து அதன் குவியம், அதாவது இழை உட்கார வேண்டிய இடம், இரண்டு, மூன்று சென்டிமீட்டர் தூரத்துக் கணக்குதான். இழை ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே வெளிச்சம் இரண்டு டிகிரி திரும்பிவிடும்.

எல்இடியில் இழை கிடையாது. தட்டையான ஒரு தண்டின் இரண்டு பக்கமும் மஞ்சள் சில்லுகள் ஒட்டியிருக்கும், பின்னால் ஒரு சின்ன ஃபேன். சில்லுகள் இடமும் வலமும் பார்த்தபடி, பழைய இழை இருந்த அதே இடத்தில் உட்கார்ந்தால் ஓரளவு தேறும். என் காரில் வலது பக்கத்துப் பல்பு அதைப் பிடித்திருக்கும் வளையத்தில் திரும்பிப் போய், சில்லுகள் மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தன. பெட்டி டேஷ்போர்டு அறையிலேயே கிடந்தது. வெளிச்சத்தின் அளவு 20,000 லூமென் என்று போட்டிருந்தது. எச்4 ஹாலஜனுக்கான சர்வதேசத் தரப்படி டிம்மில் சுமார் 1,000 லூமென், பிரைட்டில் 1,650. பெட்டிக் கணக்கில் பாதிக்குப் பாதி பொய் என்று வைத்தாலும், அந்த ரிஃப்ளெக்டரை வடிவமைத்தவர் இந்த வெளிச்சத்தை நினைத்தே பார்த்திருக்க மாட்டார்.

இத்தனை வெளிச்சம் இருந்தும் தூரத்தில் ரோடு சரியாகத் தெரிந்ததா என்றால், இல்லை. காருக்குப் பக்கத்திலேயே வெள்ளை வெளிச்சம் கொட்டிக் கிடந்தால் கண் அதற்குப் பழகிக்கொள்கிறது, அதற்கு அப்பால் இருட்டு இன்னும் இருட்டாகிறது. மழையில் இன்னும் மோசம். ஈரமான தார் ரோட்டில் அந்த நீலம் கலந்த வெள்ளை எங்கே போகிறது என்றே தெரியாது. எல்இடி கெட்டது என்று நான் சொல்லவில்லை. எல்இடிக்காகவே வடிவமைத்த விளக்கோடு வரும் புதுக் கார்களில் அது பிரமாதமாக இருக்கிறது. ஹாலஜனுக்குக் கட்டிய வீட்டில் எல்இடியைக் குடிவைப்பதுதான் தகராறு.

“ஹாலஜன் மங்கலா இருக்குன்னுதான்ணே எல்லாரும் மாத்துறாங்க?” என்று கேட்டேன். அண்ணன் பதில் சொல்லாமல் ஒரு ஹாலஜன் பல்பை மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு, மல்டிமீட்டரை எடுத்தார். பேட்டரி முனையில் 13.9 வோல்ட். பல்பில் ஒயரைச் செருகும் கப்ளரில் 12.4. ஒன்றரை வோல்ட் வழியிலேயே தொலைந்திருந்தது, பழைய ஒயர், கறுத்துப்போன கப்ளர், துரு ஏறிய எர்த் என்று. ஒன்றரை வோல்ட்தானே என்று தோன்றும். ஆனால் ஹாலஜனின் வெளிச்சம் வோல்ட்டேஜோடு நேர்விகிதத்தில் இறங்காது, தலைகுப்புற இறங்கும். வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் போய்விடும். அதாவது கம்பெனி கொடுத்த விளக்கில் மூன்றில் இரண்டு பங்குதான் அந்தக் காரில் எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்து ஹாலஜனே மட்டம் என்று முடிவு கட்டி ஆறாயிரம் ரூபாய் செலவழித்திருக்கிறார் முன்னாள் ஓனர்.

ரிலே வைத்த ஒயரிங் கிட் ஒன்றைப் போட்டார். பேட்டரியிலிருந்து தடித்த ஒயர் நேராக விளக்குக்குப் போகும், பழைய சுவிட்ச் ஒயர் ரிலேயை மட்டும் இயக்கும். எர்த்தைச் சுரண்டிப் புது போல்ட் போட்டார். அதே 60/55 வாட் பல்பு, புதுசு, ஒன்று 200 ரூபாய் சொச்சம். அவ்வளவுதான். வெளிச்சம் கண்ணெதிரே ஏறியது. 100/90 வாட் பல்பு போடலாமா என்று கேட்க வாயெடுத்தேன், அதற்குள் உருகிப்போன ஒரு ஹோல்டரைத் தன் சாமான் டப்பாவிலிருந்து எடுத்துக் காட்டிவிட்டார். அந்தக் கேள்வியை ரொம்பப் பேர் கேட்பார்கள் போலிருக்கிறது.

ஃபோகஸ் வைக்கச் சமமான தரை வேண்டும். இதற்கென்றே பீம் செட்டர் என்ற கருவி இருக்கிறது, பெரிய சர்வீஸ் சென்டர்களில் வைத்திருப்பார்கள். அண்ணனிடம் கிடையாது. அவருடைய பட்டறை வாசலோ சாக்கடைப் பக்கம் சரிந்திருக்கும். பக்கத்துக் கல்யாண மண்டபத்தின் பார்க்கிங்கில் முகூர்த்தம் இல்லாத நாளில் விடச் சொல்லிக் கேட்டுக்கொண்டோம். சிமென்ட் தரை, எதிரே வெள்ளையடித்த சுவர். தரை பார்வைக்குச் சமம்தான், ஆனால் இந்த வேலையில் பார்வையை நம்ப முடியாது. எங்கள் தெருக் கொத்தனார் தன் டியூப் லெவலோடு வந்தார். தண்ணீர் நிரப்பிய நீளமான பிளாஸ்டிக் குழாய், வீடு கட்டும் இடத்தில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஒரு முனையை அவர் பிடித்துக்கொள்ள, மறுமுனையை நான் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் பிடித்தேன். உள்ளே காற்றுக் குமிழி இல்லாமல் போகும்வரை குழாயை விரலால் சுண்டிக்கொண்டே இருந்தார். பின்சக்கரங்கள் நின்ற இடம் அரை சென்டிமீட்டர் தாழ்வு. “இந்த அரை சென்டி பரவாயில்லையா?” என்று கேட்டேன். “தளம் போடறதுன்னா விட மாட்டேன். லைட்டு உங்களுது, நீங்கதான் சொல்லணும்” என்றார். சக்கரத்தடியில் அட்டை மடித்து வைத்தோம்.

அதற்கு முன்பே டயர்களில் சரியான காற்று, பாதி டேங்க் பெட்ரோல். டிரைவர் சீட்டில் என் எடைக்கு ஒத்த ஒருவர் உட்கார வேண்டும், அந்த வேலைக்கு என் மைத்துனர் வந்தார். விளக்குக்கும் சுவருக்கும் ஐந்து மீட்டர். தரையிலிருந்து விளக்கின் மையம் 68 சென்டிமீட்டர், சுவரில் அந்த உயரத்தில் ஒரு சாக்பீஸ் கோடு. அதற்கு ஐந்து சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு, அதுதான் 1 சதவீதம். சில கார்களில் எத்தனை சதவீதம் வேண்டும் என்று விளக்கின் மேல்பக்கத்திலேயே போட்டிருப்பார்கள், இருந்தால் அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இருட்டிய பிறகு ஒரு விளக்கைக் கோணியால் மூடிவிட்டு மற்றதைப் பார்த்தோம்.

இடது விளக்கு ஒழுங்காக இருந்தது. சுவரில் வலது பாதி நேர்க்கோடாகவும், இடது பாதி மேல்நோக்கிச் சாய்ந்த கோடாகவும் வெளிச்சத்தின் விளிம்பு தெரிந்தது. இந்தச் சாய்வு கோளாறு இல்லை. நாம் இடது பக்கம் ஓட்டுகிறோம், எதிரே வருகிறவர் வலது பக்கம் வருகிறார். வலது பக்கம் தாழ்ந்தும், இடது ஓரத்தில் நடந்து போகிறவரும் சைக்கிளும் ஊர்ப் பலகையும் தெரியும்படி அந்தப் பக்கம் ஏறியும் இருக்க வேண்டும். வலது பக்கம் ஓட்டும் நாடுகளுக்கான விளக்கில் இது தலைகீழாக இருக்கும். ஆன்லைனில் அழகாக இருக்கிறது என்று வெளிநாட்டு விளக்கை வாங்கி மாட்டினால் எத்தனை திருகினாலும் சரியாகாது.

வலது விளக்கில்தான் வில்லங்கம். விளிம்பு விளக்கின் மையக் கோட்டுக்கு ஒன்பது சென்டிமீட்டர் மேலே நின்றது. ஐம்பது மீட்டர் தள்ளிப் போனால் அது ஒன்றரை மீட்டருக்கும் மேல், மோட்டார் சைக்கிளில் வருகிறவர் கண் மட்டம். நீளமான ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரை விளக்கின் பின்னால் இருக்கும் பல்சக்கரத்தில் விட்டு அண்ணன் திருகினார். கடகடவென்று சுற்றியது, வெளிச்சம் அசையவில்லை. பம்பரைத் தளர்த்தி விளக்கை வெளியே இழுத்தபோதுதான் கதை தெரிந்தது. அது ஒரிஜினலே இல்லை. இடது விளக்கின் முகப்பில் தர அங்கீகாரத்துக்கான எச்சிஆர் என்ற எழுத்துகளும் வட்டத்துக்குள் ஈ குறியும் இருந்தன, இதில் ஒன்றும் இல்லை. விளக்கை வண்டியோடு பிடித்திருக்கும் கீழ்க்காது உடைந்து, எம்சீல் அப்பி, இரண்டு வாஷரைக் கொடுத்து நிமிர்த்தி வைத்திருந்தார்கள். உயரத்தை ஏற்றி இறக்கும் லெவலிங் மோட்டாரே அதில் கிடையாது, அதற்கான கப்ளர் கம்பியோடு சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. எங்கேயோ இடித்திருக்கிறார்கள், மலிவாக ஒரு விளக்கை மாட்டிப் பெயின்ட் அடித்து முடித்திருக்கிறார்கள். என்னோடு வந்த மெக்கானிக் கதவு ஓரத்தைத்தான் சுரண்டினார்.

புதுப்பேட்டை போனேன். சென்னையில் பழைய கார் பாகம் என்றால் புதுப்பேட்டை, புது அலங்காரச் சாமான் என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. கூரை உயரத்துக்கு அடுக்கியிருந்த விளக்குகளில் என் மாடலுக்கானதைக் கடைப் பையன் உருவியெடுத்தான். “மூணு காதும் முழுசா இருக்கு பாருங்க சார், மோட்டார் ஓடுது” என்று அங்கேயே ஒரு பேட்டரியில் வைத்துக் காட்டினான். ஒரே குறை, முகப்பு மஞ்சளடித்திருந்தது. பாலிகார்பனேட் பிளாஸ்டிக், வெயிலில் மேல்பூச்சு போனால் அப்படித்தான் ஆகும். 800, 1500, 2000 நம்பர் தண்ணித்தாள்களால் தேய்த்து, காம்பவுண்ட் போட்டு மெருகேற்றி, மேலே கிளியர் கோட் அடித்துவிட்டால் சரி. டூத் பேஸ்ட் வைத்தியம் சில வாரம்தான் நிற்கும். மங்கிய முகப்பு டிரைவருக்கு வெளிச்சத்தைக் குறைப்பதோடு நிற்பதில்லை, சிதறடித்து எதிராளிக்குக் கூசவும் வைக்கும்.

புது (அதாவது பழைய) விளக்கு உட்கார்ந்த பிறகு ஃபோகஸ் வைக்க நேரமே ஆகவில்லை. கொத்தனார் சுவரோரம் நின்று “இன்னும் கொஞ்சம், போதும், ஒரு நூல் ஏத்துங்க” என்று குரல் கொடுக்க, அண்ணன் திருகினார். நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று, ஐந்து மீட்டரில் அந்தத் துல்லியம் தாராளம். “ஃபோகஸை இறக்கிட்டா ரோடு தெரியாதுன்னு சண்டைக்கு வராதீங்க தம்பி” என்றார் அண்ணன். தெரிந்தது. அதே செஞ்சி ரோட்டில் முன்பைவிட நன்றாகவே தெரிந்தது, ஓரத்தில் பாதயாத்திரை போகிறவர்களின் கால்கள் உட்பட. எதிரே யாரும் லைட் அடிக்கவில்லை.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆவது விதி இதைத்தான் சொல்கிறது. விளக்கிலிருந்து 8 மீட்டர் தள்ளி, வண்டியின் வலது விளிம்பிலிருந்து அரை மீட்டர் விலகி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் இருக்கும் ஆளுக்குக் கூசாதபடி வெளிச்சம் நிரந்தரமாகத் தாழ்ந்திருக்க வேண்டும். யோசித்து எழுதிய விதி. ஒரு டேப்பும் ஒரு ஆளும் இருந்தால் எந்தத் தெருவிலும் சோதித்துவிடலாம். ஆனால் எப்போது சோதிப்பது? சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 வருடம் செல்லும், அதுவரை எஃப்சி என்னும் தகுதிச் சான்றுப் பரிசோதனை கிடையாது. இடையில் புகைச் சான்றிதழுக்கு மட்டும்தான் வண்டியைக் காட்டுகிறோம். பிரிட்டனில் மூன்று வயதான காருக்கு ஆண்டுதோறும் நடக்கும் எம்ஓடி பரிசோதனையில் விளக்கின் கோணத்தையும் பார்க்கிறார்கள். நம்மிடம் அதற்குப் பதிலாக இருப்பது கருப்பு ஸ்டிக்கர். அவ்வப்போது டோல் பக்கம் நிறுத்தி, விளக்கின் நடுவில் ஒன்றை ஒட்டி அனுப்புவார்கள். இன்றைய விளக்குகளில் ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு துண்டும் ரோட்டின் ஒவ்வொரு பகுதிக்கு வெளிச்சம் அனுப்புகிறது. நடுவில் ஸ்டிக்கர் ஒட்டினால் மொத்த வெளிச்சம் கொஞ்சம் குறையும், தூக்கிய கோணம் தூக்கியபடியே இருக்கும். ஒட்டுகிறவர்களின் நோக்கம் நல்லதுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த நேரத்துக்கு ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரோடு நின்றால் இன்னும் பலன் இருக்கும்.

இப்போது இரண்டு விளக்கிலும் லெவலிங் மோட்டார் ஓடுகிறது. ஸ்டியரிங்குக்கு வலது பக்கம், முழங்காலருகே 0 முதல் ஒரு சின்னத் திருகு இருக்குமே, பலர் அதைத் தொட்டிருக்கவே மாட்டார்கள், அதுதான் இதை இயக்குவது. டிரைவர் மட்டும், அல்லது முன்சீட்டில் இன்னொருவர் என்றால் 0. பின்னால் ஆளும் டிக்கியில் சாமானும் ஏற ஏற எண்ணை ஏற்ற வேண்டும், வெளிச்சம் அந்த அளவுக்குத் தாழும். எத்தனை பேருக்கு எந்த எண் என்று வண்டியோடு வரும் புத்தகத்தில் இருக்கும். குலதெய்வம் கோயிலுக்குப் போகும் அன்று எங்கள் காரில் ஐந்து பேர், டிக்கியில் பொங்கல் பானை, விறகு, அரிசி, இரண்டு குடம் தண்ணீர். அன்றைக்கு 2இல் வைக்கிறேன். வீடு திரும்பிய பிறகு 0க்குக் கொண்டுவர மறந்துவிட்டால் எனக்கு ரோடு கொஞ்சம் குறைவாகத் தெரியும். எதிரே வருகிறவருக்கு ஒன்றும் ஆகாது.